வெள்ளாற்று முகத்திலிருந்து கொள்ளிட முகம் வரை

சோழமண்டலக் கரையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோரிற் பலர் கடலை நோக்கி நின்றபடியே அதை எழுதியிருக்கிறார்கள். எந்தத் தேசத்துக் கப்பல் எந்த ஆண்டில் நங்கூரமிட்டது, யார் எந்த அரசரிடம் அனுமதி பெற்றுப் பண்டகசாலை கட்டினார், பின்னர் அதை யார் பறித்துக்கொண்டார் என்பனவெல்லாம் அந்நூல்களில் விரிவாகவே காணப்படும். ஆயினும் ஒரு கழிமுகத்தின் வாழ்வையும் தாழ்வையும் நிர்ணயித்த காரியங்களிற் பெரும்பாலானவை கடலுக்கு எதிர்த்திசையில், மேற்கே மலைகளிலும் காடுகளிலும், ஆறுகளின் குறுக்கே எழுந்த அணைகளிலும் நடந்தேறியவை. வெள்ளாறு கடலிற் கலக்கும் பரங்கிப்பேட்டையில் விடியற்காலையில் புறப்பட்டு, கிள்ளை, பிச்சாவரம் வழியாகத் தெற்கே கொள்ளிடத்தின் முகத்துவாரத்தை நோக்கி ஒரு பகல் முழுதும் நடக்கிறவனுக்கு இது ஒருவரும் எடுத்துச் சொல்லாமலே விளங்கிவிடும்.

இரண்டு முகத்துவாரங்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவுதான். ஆனால் இந்தப் பூமியில் நேர்க்கோடு என்பதே கிடையாது. வெள்ளாற்றையும் கொள்ளிடத்தையும் உப்பனாறும் எண்ணற்ற ஓடைகளும் கரைக்குப் பின்னாலேயே ஒன்றோடொன்று பிணைத்திருக்கின்றன; கடலுக்கும் இந்த நீர்வலைக்கும் நடுவே நிற்பது ஒடுங்கிய மணல்மேடு ஒன்றே. ஆதலால் நடப்பவன் ஓரிடத்தில் மணலிலும், ஓரிடத்தில் வரப்பிலும், வேறோரிடத்தில் முழங்காலளவு சேற்றிலும் கால் வைக்க வேண்டியவனாகிறான். வழி முடிந்துபோன இடங்களில் படகுக்காரரின் தயவை நாட வேண்டியவனாகிறான்.

வெள்ளாறு காவிரியைப் போலக் காவியங்களில் இடம் பெற்ற நதியன்று. சேலம் ஜில்லாவின் மலைகளிற் பிறக்கும் வசிஷ்ட நதியும் சுவேதா நதியும் கூடி வெள்ளாறாகி, மணிமுத்தாற்றையும் ஏற்றுக்கொண்டு, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டிக் கிழக்கே வருகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் மேலே அது வெறும் மணலாறு; ஐப்பசி கார்த்திகை மழையில் பிரவாகமெடுத்து வரும்போது முகத்துவாரத்து மணலை அறுத்துத் தள்ளி வாயை அகலத் திறந்துவிடுகிறது. மழை ஓய்ந்து கோடை முற்றினால் கடல் தன் மணலைக் கொண்டுவந்து அந்த வாயை மறுபடியும் ஒடுக்குகிறது. பரங்கிப்பேட்டை எத்தனை பெரிய துறைமுகமாக விளங்கிய காலத்திலும் பெரிய கப்பல்கள் ஊருக்குள் வந்து நின்றதில்லை. அவை வெளியே ஆழக்கடலில் நங்கூரமிட, சிறு படகுகளே சரக்கை ஏற்றி இறக்கின. ஆற்றுக்கும் கடலுக்கும் இடையறாது நிகழும் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எந்தக் கொடிக்கும் இருந்ததில்லை.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர் இந்த ஆற்றுமுகத்தில் தம் பெயரால் ஒரு புதிய பட்டணத்தை நிர்மாணித்துக்கொண்டிருந்தார் என்ற செய்தி, அக்காலத்தில் சிதம்பரத்துக்கு வந்த பிமென்டா என்னும் ஏசுசபைப் பாதிரியாரின் கடிதங்களால் தெரியவருகிறது. போர்த்துக்கீசியர் அதே தசாப்தங்களில் இங்கே குடியேறினர். அவர்கள் வைத்த போர்ட்டோ நோவோ என்ற பெயர் ஆங்கிலேயர் ஆட்சி முழுவதும் நிலைத்தது. முஸ்லிம் வணிகர்களுக்கோ இவ்வூர் மஹ்மூத் பந்தர். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்து பண்டகசாலை வைத்தபோது, அவர்களுக்கு முன்பே உள்ளூர் மரக்காயர்களின் கப்பல்கள் அச்சேவுக்கும் கடாரத்துக்கும் மலாக்காவுக்கும் துணிகளை ஏற்றிச் சென்று கொண்டிருந்தன. கரையில் நின்ற ஐரோப்பியக் கட்டடங்களைப் பற்றி எழுதப்பட்டிருக்கும் அளவில் பத்தில் ஒரு பங்குகூட அந்தத் துணிகளை நெய்தவர்களைப் பற்றி எழுதப்படவில்லை என்பது எனக்கு நெடுநாளாக உள்ள மனக்குறை. அத்துணிகள் கடற்கரையில் விளைந்தவை அல்ல. பருத்தி உள்நாட்டிலிருந்து வந்தது. நூலும் தறியும் உள்நாட்டுக் கிராமங்களில் இருந்தன. துறைமுகம் அவற்றுக்கு ஒரு வாசற்படியாகவே இருந்தது. பிற்காலத்தில் அந்த வியாபாரம் நலிந்தபின் ஊரார் கையில் எஞ்சிய கைத்தொழில் தாழையோலைப் பாய் முடைவதுதான். தாழை இந்த மணலிலேயே தானாக வளர்வது.

ஊருக்கு வடக்கே அன்னங்கோயிலிலிருந்து கரையோரமாகச் செல்லும் மணல்மேடுகளின்மேல் ஏறி நின்றால் 1781ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி நடந்த யுத்தத்தின் அமைப்பு புரியும். அதற்கு முந்திய மாதத்தில் ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட், கோட்டையாக மாற்றப்பட்டிருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கித் தோல்வியுற்றுப் பின்வாங்கியிருந்தார். வந்தவாசியில் 1760இல் பிரெஞ்சுக்காரரை வென்ற அதே கூட். இப்பொழுது முதியவர், உடல்நலம் குன்றியவர். கடலிலிருந்து உணவு வருமென்று பரங்கிப்பேட்டையில் தங்கிய அவருக்கும் கடலூருக்கும் நடுவே, முட்லூர்ப் பக்கத்தில் ஹைதர் அலி தம் பெருஞ்சேனையுடன் வந்து வழிமறித்துக்கொண்டார். எண்ணிக்கையிற் பன்மடங்கு பெரிய அந்தச் சேனையை நேரே எதிர்க்காமல், கூட் கடற்கரை மணல்மேடுகளின் மறைவில் தம் படையை வலப்புறமாக நகர்த்தி ஹைதரின் பக்கவாட்டைத் தாக்கினார். கடலில் நின்ற கப்பலொன்றும் குதிரைப்படையின்மேல் குண்டு பொழிந்தது. வெற்றியைத் தீர்மானித்ததில் தளபதியின் சாமர்த்தியத்துக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு, காற்று கட்டிய அந்த மணல் வரிசைக்கும் உண்டு. போரைப் பற்றி இதற்குமேல் விவரிக்க எனக்கு விருப்பமில்லை; இந்தக் கழிமுகத்தை உண்மையில் மாற்றிய சம்பவம் அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னால் வந்தது.

ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஸிவில் உத்தியோகத்தில் இருந்தவர். சேலம் மலைகளில் கிடைக்கும் உயர்ந்த இரும்புக் கனியையும், அதை உள்ளூர்க் கொல்லர்கள் சிறு சிறு மண்மூசைகளில் இட்டு உருக்காக்கும் வித்தையையும் கண்டு வியந்து, எகிப்தியர் கருங்கல்லைச் செதுக்கிய கருவிகளே இந்திய உருக்கினால் ஆனவையாக இருக்க வேண்டும் என்று பின்னாளில் கட்டுரை எழுதுமளவுக்கு அதில் ஈடுபட்டவர். உத்தியோகத்தைத் துறந்து, அரசாங்கத்திடம் கடனுதவி பெற்று, 1830ஆம் ஆண்டில் ஐரோப்பிய முறையிலான இரும்புத் தொழிற்சாலை ஒன்றைப் பரங்கிப்பேட்டையில் நிறுவினார். கனி இருப்பது சேலத்தில், தொழிற்சாலையோ கடற்கரையில். இந்த முரண்பாட்டுக்குக் காரணம் ஆறு. கனியைப் பரிசல்களில் ஏற்றிக் காவிரியிலும் கொள்ளிடத்திலும் மிதக்கவிட்டுக் கீழே கொண்டுவந்து சேர்ப்பதும், உருக்கிய இரும்பை இங்கிருந்தே கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்புவதும் அவருடைய திட்டம். மலையிலே பிறந்த ஆறு காலகாலமாக மலையைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கடலுக்குக் கொண்டுவந்த வேலையை, இம்மனிதர் பரிசலும் கூலியும் வைத்து விரைவுபடுத்தினார்.

கனி வந்தால் மட்டும் போதாது. இந்த உலைகள் நிலக்கரியால் எரிந்தவை அல்ல, மரக்கரியால் எரிந்தவை. மரக்கரி உலைக்கு வெப்பம் தருவதோடு கனியிலிருந்து இரும்பைப் பிரித்தெடுக்கவும் வேண்டியது. ஆதலால் கனியின் எடையினும் மிகுதியான மரம், காடுகளில் வெட்டப்பட்டு மூட்டம் போடப்பட்டுக் கரியாகி வண்டிகளில் வந்துகொண்டே இருக்க வேண்டும். அருகிலிருந்த காடு தீர்ந்ததும் அடுத்த காடு, அதுவும் தீர்ந்ததும் அதற்கு அப்பால் என்று கரியின் தூரம் ஆண்டுக்கு ஆண்டு நீண்டது. தூரத்தோடு விலையும் ஏறியது. அதே காலத்தில் இங்கிலாந்தில் நிலக்கரியால் உருக்கிய இரும்பின் விலை இறங்கிக்கொண்டிருந்தது. ஹீத் பல முறை கம்பெனியைப் புதுப்பித்தார். மலபாரில் பேப்பூரிலும் உலை வைக்கப்பட்டது. 1853இல் வேறொரு கம்பெனி பெருமூலதனத்தோடு இதே காரியத்தைத் தொடர்ந்தது. ஒன்றும் நிலைக்கவில்லை. வேல்ஸ் நாட்டில் மெனாய் நீரிணையின்மேல் 1850இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலத்தில் பரங்கிப்பேட்டை இரும்பும் சேர்ந்திருக்கிறது என்று பழைய நூல்கள் கூறும். அப்படியானால், சேலத்து மலையிலிருந்து பரிசலில் இறங்கி, தென்னார்க்காட்டுக் காடுகளைத் தின்று, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போய் அங்கே நின்ற இரும்பு அது.

ஹீத்தின் கதையில் வேறொரு துயரமும் உண்டு. வார்ப்புருக்கு செய்யும்போது சிறிதளவு மாங்கனீஸும் கரியும் சேர்ந்த ஒரு பொருளை மூசையில் இட்டால், மலிவான இரும்பும் நல்ல உருக்காகிறது என்று கண்டுபிடித்து 1839இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு நகரத்து உருக்குத் தொழில் முழுவதையும் மாற்றிய கண்டுபிடிப்பு அது. ஆனால் அந்தப் பொருளைத் தனியே செய்து சேர்ப்பதற்குப் பதிலாக, அதன் மூலப்பொருள்களை அப்படியே மூசைக்குள் போட்டாலும் அதே பலன் கிடைக்கிறது என்று பிறர் கண்டுகொண்டு, இது காப்புரிமைப் பத்திரத்தில் சொல்லப்பட்ட முறையன்று என்று வாதித்து, அவருக்கு ஒரு காசும் கொடாமல் செல்வந்தராயினர். வழக்கு ஆண்டுக்கணக்காக நடந்தது. அவர் 1851இல் காலமானார்; வழக்கின் இறுதித் தீர்ப்பு அதற்குப் பின்பு வந்து அவருக்கு விரோதமாகவே முடிந்தது. அவரிடம் எனக்கு அனுதாபம் உண்டு. ஆனால் கரிமூட்டத்தில் மறைந்த காடுகளின்மேல் அதைவிட மிகுதியான அனுதாபம் உண்டு; அவற்றுக்கு வழக்குத் தொடுக்கவும் ஆள் இல்லை.

பரங்கிப்பேட்டையை விட்டு ஆற்றைக் கடந்து தென்கரை சேர்ந்தால் முடசலோடையும் கிள்ளையும் வருகின்றன. கிள்ளைக்கு மாசிமகத்தன்று ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராகஸ்வாமி தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். உள்நாட்டிலிருந்து கடல் நோக்கி வரும் அந்த உத்ஸவத்தில், வழியிலுள்ள தர்கா ஒன்றில் முஸ்லிம்கள் ஸ்வாமியை எதிர்கொண்டு பட்டும் மாலையும் சாத்துவதும், பிரசாதம் பரிமாறிக்கொள்வதும் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கம். இதை ஓர் அபூர்வமாகப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. இவ்வூராருக்கோ அது அபூர்வமன்று, வராவிட்டால்தான் அபூர்வம்.

கிள்ளையைத் தாண்டியதும் காடு தொடங்கிவிடுகிறது. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு ஏறக்குறைய 1,100 ஹெக்டேர் பரப்பில் சிறு திட்டுக்களும் அவற்றைச் சுற்றியோடும் ஓடைகளுமாக விரிந்து கிடப்பது. ஓடையோரத்தில் சுரபுன்னை தன் விழுதுக்கால்களைச் சேற்றில் ஊன்றி நிற்கும். அதன் விதை மரத்திலிருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, பின்னர் விழுந்து சேற்றில் செங்குத்தாகக் குத்தி நின்று வேர்கொள்ளும். உட்புறத்தில் வெண்கண்டல் எனப்படும் அலையாத்தி. அதன் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே விரல் விரலாகத் தலைநீட்டியிருக்கும். அதன் இலையின் மேற்புறத்தை வெயிலேறிய நேரத்தில் விரலால் தடவினால் நுண்ணிய மணல்போல் ஏதோ ஒட்டும். நாவில் வைத்தால் சுத்தமான உப்பு. வேர் உறிஞ்சிய உப்பை இலை இவ்வாறு வெளியே தள்ளிவிடுகிறது. சுரபுன்னை வகைகளுள் இங்கேயே கண்டறியப்பட்ட ஒன்றுக்கு, பக்கத்திலுள்ள பல்கலைக்கழகத்தின் பெயரைத் தழுவி அண்ணாமலையானா என்று தாவர சாஸ்திரிகள் பெயரிட்டிருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் அந்தப் பல்கலைக்கழகம், பேராசிரியர் ஆர். வி. சேஷையாவின் முயற்சியால் ஏற்படுத்திய கடல் உயிரியல் நிலையம் வெள்ளாற்று நீரைப் பல தசாப்தங்களாக ஆராய்ந்து வருவது.

இக்காட்டில் தில்லை மரமும் உண்டு. கிளையை ஒடித்தால் வெண்பால் வழியும். கண்ணிற் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரம் தில்லைவனம் எனப்பட்டது இம்மரத்தால். கோயிலின் ஸ்தலவிருக்ஷமும் இதுவே. சிதம்பரத்து வீதிகளில் இன்று அம்மரத்தைத் தேடிக் காண இயலாது. காண வேண்டியவர் இங்கே வரவேண்டும். ஒரு காலத்தில் கழியும் சேறும் இந்தக் காடும் கோயில் நின்ற இடத்துக்கு எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுவதில்லை. ஆறு கொணர்ந்த வண்டல் நிலத்தைக் கிழக்கே நீட்டிக்கொண்டே போக, காடு கடலோடு கூடவே நகர்ந்து வந்திருக்கிறது.

ஓதம் வற்றத் தொடங்கிய பிற்பகலில் ஓடைகளுக்குள் இருளர்கள் இறங்குகிறார்கள். மார்பளவு நீரில் ஆணும் பெண்ணும் குனிந்து, இரு கைகளையும் சேற்றில் பரப்பித் தடவிக்கொண்டே வருவார்கள். ஓலையால் முடைந்த பறி கழுத்துப்புறம் மிதக்க, அதன் கயிறு பல்லிடுக்கில் இருக்கும். விரலிற்பட்ட இறாலைத் தூக்கி வாயருகே கொண்டுபோய்ப் பறிக்குள் விடும் அந்த அசைவு ஒரு கணத்தில் முடிந்துவிடும். கண் அதைப் பின்தொடர்வதே கடினம். கரையேறிய மூதாட்டி ஒருவரிடம், “என்னம்மா, இன்றைக்கு நன்றாகக் கிடைத்ததா?” என்று கேட்டேன். “மேலத்தண்ணி வந்தாத்தான் சாமி இறா ஏறும், வெறும் உப்புத்தண்ணியில என்னா இருக்கு?” என்றார். கடலிற் பிறக்கும் இறாற்குஞ்சு கழிக்குள் புகுந்து, ஆற்றுநீர் கலந்த மிதமான உப்பில் வேர்களுக்கிடையே வளர்ந்து, பின்னர் இனம் பெருக்கக் கடலுக்குத் திரும்புகிறது என்று ஆராய்ச்சிசாலையில் நிரூபிக்கப்பட்ட உண்மை, அவருக்கு வயிற்றுப்பாட்டால் தெரிந்திருக்கிறது.

அந்த மேலத்தண்ணீர் குறைந்த வரலாறும் மேற்கே நடந்ததுதான். ஆர்தர் காட்டனின் திட்டப்படி 1836ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் எழுந்தன. தஞ்சை வயல்களுக்கு அவை செய்த உபகாரம் அளவிடற்கரியது. அதை மறுப்பவன் நன்றி கொன்றவனாவான். 1934இல் மேட்டூர் அணை வந்தது. வயலுக்குத் திரும்பிய ஒவ்வொரு குடமும் கழிமுகத்துக்கு வந்துகொண்டிருந்த குடம்தான் என்ற கணக்கை மட்டும் அன்று எவரும் எழுதவில்லை. கடலில் வீணாய்க் கலக்கும் நீர் என்று இன்றும் மேடைகளிற் பேசப்படும்போது, இந்தக் காட்டையும் இந்த மூதாட்டியையும் நினைத்து எனக்கு வருத்தமே உண்டாகிறது. கழிமுகத்தில் கலக்கும் நன்னீர் வீணாவதில்லை.

தண்ணீர் குறைந்துவந்த அதே காலத்தில் காட்டுக்குள்ளேயும் கோடரி புகுந்தது. 1911 முதல் 1970கள் வரை வனத்துறையார் இக்காட்டைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, முறை வைத்து ஒவ்வொரு பாத்தியையும் முழுவதும் வெட்டி விறகாக விற்றார்கள். வெட்டிய இடத்தில் காடு தானே மீண்டும் தழைக்கும் என்பது மற்றக் காடுகளில் அவர்கள் கற்ற பாடம். இங்கே நடந்ததோ வேறு. நிழலிழந்த சேற்றின்மேல் வெயில் நேரே விழ, மண்ணிலிருந்த ஈரம் ஆவியாகி, மண் சுருங்கித் தாழ்ந்து, நடுவில் குழிந்த தொட்டிபோலாயிற்று. பெரிய ஓதத்தில் அதற்குள் ஏறிய கடல்நீர் வற்றும்போது வெளியேற வழியின்றித் தேங்கி, காய்ந்து, உப்பை விட்டுச் சென்றது. ஆண்டுக்கு ஆண்டு உப்பு ஏற, விழுந்த விதைகள் முளையிலேயே மடிந்தன. ஓடையோரத்து மரங்கள் மட்டும் நின்றதால், படகில் போகிறவருக்குக் காடு செழிப்பாகவே தோன்றியது. உள்ளே பொட்டலாய்க் கிடந்தது. வெட்டுவதை நிறுத்திய பின்பும் அந்தப் பொட்டல் வளரவில்லை. உள்ளூரார் ஆடுமாட்டையும் விறகு பொறுக்குவதையும் நெடுங்காலம் குறைகூறியவர்கள் இந்தத் தொட்டியைக் கவனித்திருந்தால் அப்பழி நேர்ந்திராது.

2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை இந்தக் கரையில் ஏறியபோது, மணல்மேட்டின்மேல் வெட்டவெளியில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்னும் குடியிருப்பு அழிந்தது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் அத்தனை சேதமின்றித் தப்பின. அதன்பின் இக்காட்டைத் தேடி வந்தவர் தொகை பெருகியது. அதற்கு முன்பே, 1990களில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையாரும் கிராமத்தாரோடு கூடி அந்தத் தொட்டிகளுக்கு வைத்தியம் தொடங்கியிருந்தார்கள்.

பிச்சாவரத்துக்குத் தெற்கே, கொள்ளிடத்து முகம் நோக்கிப் படகு திரும்புமிடத்தில் அந்த வைத்தியத்தைக் காணலாம். இயற்கையான ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால் குழிந்த நிலத்தின் நடுவே வெட்டப்பட்டிருக்கிறது. அதன் இருபுறமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள், மீனின் முதுகெலும்பும் பக்கவெலும்புகளும் அமைந்த முறையில் பிரிகின்றன. ஓதம் ஏறும்போது நீர் இவற்றின் வழியே உள்ளே வந்து, இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வெளியேறுகிறது. அந்தச் சிறு வாய்க்கால்களின் சரிவில் நட்ட அலையாத்தி ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்திருக்கிறது. சேறு வந்து படிந்து வாய்க்கால் தூர்ந்துபோனால் பழைய தொட்டி மறுபடியும் உருவாகும். ஆதலால் அவ்வப்போது தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும். கையால் மண்வெட்டி பிடித்துச் சேற்றில் நின்று செய்ய வேண்டிய அவ்வேலையை, இந்தக் கழியின் ஊர்களில் வாழ்கிறவர்களே செய்கிறார்கள்.